வேப்பெண்ணெய்க்கு யார் சாட்சி?

போன தை மாதம் எங்கள் ஊர் உரக்கடையில் புதிதாக ஒரு புட்டியைப் பார்த்தேன். அரை லிட்டர், பச்சை மூடி. முன்பக்கம் 'மூலிகைப் பூச்சிவிரட்டி' என்று பெரிதாக எழுதியிருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வரி. சேர்மானத்தைப் படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் வயிற்றைக் கலக்கியது. நொச்சி, ஆடாதொடை, எருக்கு, வேப்பிலை, கோமியம், வெல்லம். எங்கள் குழுவில் பத்து வருசத்துக்கு மேலாக ஊறல் போட்டுத் தெளிக்கிற அதே சரக்கு. சில வருசம் முன்னால் எங்கள் பயிற்சிக்கு வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போன ஒருத்தர் இப்போது அந்தக் கம்பெனியில்தான் இருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. அவர் எங்களிடமிருந்துதான் எடுத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். நாலு இலையை ஊறவைக்கிற யோசனை யாருக்கும் வரக்கூடியதுதான். ஆனால் நாங்கள் செய்வதை நாளைக்கு நாங்களே செய்யக்கூடாது என்று ஒருவன் சொல்ல முடியுமா என்பதுதான் என் கேள்வி.

சென்னையில் காப்புரிமை வேலை பார்க்கிற ஒரு வழக்கறிஞரைத் தேடிப் போனேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "எப்ப செஞ்சீங்க? என்னென்ன, எவ்வளவு சேர்த்தீங்க? எங்க வெச்சு, எப்படிச் செஞ்சீங்க? யார் யாருக்குக் குடுத்தீங்க?" என்றார்.

"நாங்க காலங்காலமாச் செய்யறோம் சார்."

"ஐயா, காலங்காலமாங்கறது தேதி இல்லையே."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் வேம்பு வழக்கைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன். அந்த வழக்கை நம் கூட்டங்களில் நூறு தடவை சொல்லியிருப்போம். வேம்பு நம்மது, வெளிநாட்டுக்காரன் காப்புரிமை வாங்கினான், நாம போராடி மீட்டோம். இந்த மூன்று வாக்கியத்துக்கு நடுவில் 'எப்படி நிரூபித்தார்கள்' என்ற விசயம் விட்டுப்போகிறது. நமக்கு வேண்டியது அதுதான். அதனால் இந்தத் தடவை அதை மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், காப்புரிமை வாங்கியது வேப்ப மரத்துக்கு இல்லை. இதைத் தப்பாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அமெரிக்க வேளாண்மைத் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியும் சேர்ந்து 1990 டிசம்பரில் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் போட்டன. வேப்பெண்ணெயை வைத்துப் பயிரில் பூஞ்சண நோயைக் கட்டுப்படுத்தும் முறை அது. 1994 செப்டம்பர் 14ஆம் தேதி காப்புரிமை கிடைத்தது. அதில் அவர்கள் உரிமை கேட்டது இவ்வளவுதான்: தண்ணீரோடு ஒட்டாத கரைப்பானைக் கொண்டு வேப்பங்கொட்டையிலிருந்து பிரித்த, அசாடிராக்டின் ஏறக்குறைய இல்லாத எண்ணெய் 0.1 முதல் 10 சதவீதம். எண்ணெயையும் தண்ணீரையும் கலக்க வைக்கும் பொருள் 0.005 முதல் 5 சதவீதம், மீதி தண்ணீர். இந்தக் கலவையைப் பூஞ்சணத்தின் மேல் படும்படி செய்வது.

நம்ம பாஷையில் சொன்னால் வேப்பெண்ணெய், சோப்பு, தண்ணீர். லிட்டருக்கு 30 மில்லி வேப்பெண்ணெய் ஊற்றிக் காதி சோப்பு கரைத்துத் தெளிக்கிறோமே, அது 3 சதவீதம். அவர்கள் போட்ட வேலிக்கு நட்டநடுவில் நிற்கிறது.

அசாடிராக்டின் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் பின்னால் வருவது புரியும். வேப்பங்கொட்டையில் பூச்சியைத் தின்னவிடாமல் செய்கிற முக்கியமான வேதிப்பொருள் அது. 1962இல் டெல்லியில் வெட்டுக்கிளி படையெடுத்தபோது, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் வயல்களில் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளிகள் தொடவில்லை என்று பிரதான் என்ற விஞ்ஞானியின் குழு பதிவு செய்தது. 1968இல் இங்கிலாந்தில் அந்தப் பொருளைத் தனியாகப் பிரித்தார்கள். கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே என்பவரின் குழு அதை ஆய்வகத்தில் முழுசாகச் செயற்கையாகச் செய்து முடித்தது 2007இல். அதற்கு 22 வருசம் ஆயிற்று. அந்தப் பொருளை முதலில் செய்தது யார் என்று கேட்டால் வேப்ப மரம் என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் எந்த அலுவலகத்திலும் மரத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது.

இந்த அசாடிராக்டின் எண்ணெயைவிடப் பிண்ணாக்குப் பக்கமே அதிகம் தங்கும். ஹெக்சேன் மாதிரி கரைப்பானை வைத்து எடுத்தால் வரும் எண்ணெயில் அது அநேகமாக இருக்காது. "அப்படி எடுத்த எண்ணெய் பூச்சிக்கு ஆகாவிட்டாலும் பூஞ்சணத்துக்கு ஆகும், இது நாங்கள் கண்டுபிடித்தது" என்பதுதான் காப்புரிமைக்காரர்களின் வாதம்.

ஐரோப்பாவில் காப்புரிமை கொடுத்த நாளிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம். 1995 ஜூனில் மூன்று தரப்பு சேர்ந்து போட்டது. ஐரோப்பிய நாடாளுமன்றப் பசுமைக் கட்சியின் மக்தா ஆல்வூட், நம் நாட்டின் வந்தனா சிவா, இயற்கை வேளாண் இயக்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஐஃபோம். மூன்று பேரும் பெண்கள் என்று சொல்வார்கள். ஐஃபோமுக்காக முன்னின்றவர் லிண்டா புல்லார்ட். சட்ட வேலையைச் சுவிட்சர்லாந்துப் பேராசிரியர் ஃபிரிட்ஸ் டோல்டர் பார்த்தார்.

இங்கேதான் நாம் கூட்டத்தில் சொல்லாமல் விடுகிற விசயம் வருகிறது. "எங்க பாட்டி காலத்திலிருந்து வேம்பு இருக்கு, வேதத்திலே இருக்கு, வாசல்ல கட்டுறோம், அம்மைக்குப் போடுறோம்" என்று எவ்வளவு சொன்னாலும் 'புதுமை இல்லை' என்று நிரூபிக்க அது போதாது. காப்புரிமைச் சட்டத்தில் ஒரு பொருளையோ முறையையோ பழசு என்று சொல்ல வேண்டுமானால், உரிமை கோரிய ஒவ்வொரு அம்சமும் விண்ணப்பத் தேதிக்கு முன்னால் ஒரே இடத்தில் சேர்ந்து இருந்திருக்க வேண்டும். கரைப்பானில் எடுத்த எண்ணெயா? அசாடிராக்டின் இல்லாததா? அந்தச் சதவீதமா? பூஞ்சணத்துக்குத் தெளித்தார்களா? நம் செக்கில் ஆட்டிய எண்ணெயைக் காட்டினால், "அது வேற எண்ணெய், எங்களது வேற எண்ணெய்" என்று எதிர்த்தரப்பு சொல்லும். அந்தப் பேச்சு நமக்குக் குதர்க்கமாகத் தெரியும். ஆனால் சட்டம் அந்தக் குதர்க்கத்தின் மேல்தான் நிற்கிறது.

இந்த இடத்தில்தான் அபய் பட்கே வந்தார். மகாராட்டிரத்தில் வேம்பிலிருந்து பயிர்ப் பாதுகாப்புப் பொருள் தயாரித்த ஆலைக்காரர். அவர் கரைப்பான் வைத்து எடுத்த வேப்பஞ்சாற்றைத் தயாரித்து, 1985 கோடையிலும் 1986 கோடையிலும் புனே, சாங்லி மாவட்ட வயல்களில் விவசாயிகளோடு சேர்ந்து சோதித்திருந்தார். கிரேஸ் கம்பெனி விண்ணப்பம் போடுவதற்கு நாலு வருசத்துக்கு முன்னால். 2000 மே 9, 10 தேதிகளில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடந்த விசாரணையில் அவரே சாட்சி சொன்னார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் பயிர்நோயியல் பேராசிரியர் யு. பி. சிங்கும் எதிர்ப்பாளர்கள் பக்கம் நின்றார். இரண்டாம் நாள் முடிவில் அந்தக் காப்புரிமை ரத்தானது.

அந்தத் தீர்ப்பின் அடித்தளத்தைப் பாருங்கள். திருட்டு என்பதால் ரத்து செய்யவில்லை. ஏழை நாட்டு அறிவைக் கொள்ளையடிப்பது ஒழுக்கக்கேடு என்று எதிர்ப்பாளர்கள் வாதிட்டது உண்மை. ஆனால் காப்புரிமை விழுந்தது அந்த வாதத்தால் இல்லை. புனே, சாங்லி வயல்களில் இரண்டு கோடையில் நடந்த சோதனையால் எல்லா அம்சமும் முன்பே வெளிப்பட்டுவிட்டது, ஆகவே புதுமை இல்லை என்றார்கள். கம்பெனி அங்கங்கே திருத்திக் கோரிக்கையைக் குறுக்கிப் பார்த்தது. அதற்கும், 'இத்துறையில் வேலை தெரிந்தவனுக்கு இது தானாகத் தோன்றக்கூடியது' என்று பதில் கிடைத்தது. மேல்முறையீடு போனார்கள். 2005 மார்ச் 8ஆம் தேதி அதுவும் தள்ளுபடி. மனு போட்டதிலிருந்து எண்ணினால் கிட்டத்தட்ட பத்து வருசம். நாட்டு மரத்து எண்ணெய்க்காகப் பத்து வருசம் மியூனிக்குக்கு நடந்திருக்கிறார்கள்.

என் கையைப் பிடித்துக் கேட்ட அந்த வழக்கறிஞரின் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்பதும் இப்போது விளங்கியது. 'இது முன்பே பொதுவில் பயன்பாட்டில் இருந்தது' என்று ஐரோப்பிய அலுவலகத்தில் ஒருவர் சொன்னால் அவர்கள் பார்ப்பது மூன்று விசயம்: எந்தத் தேதியில், எந்தப் பொருள், எந்தச் சூழ்நிலையில். சூழ்நிலை என்றால் யார் செய்தது, யார் பார்த்தது, யார் கையில் போய்ச் சேர்ந்தது, வெளியில் சொல்லக்கூடாது என்று ஏதாவது கட்டுப்பாடு இருந்ததா. ஆதாரம் முழுக்க மனு போட்டவரின் கைக்குள்ளேயே இருந்தால் இன்னும் கெடுபிடி அதிகம். அப்போது 'இருந்திருக்கலாம்' என்பது எடுபடாது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். உங்கள் பரணில் இருந்து நீங்களே ஒரு நோட்டை எடுத்துக் காட்டினால், "நேற்று ராத்திரி எழுதினதா?" என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

நம்மில் பலர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிற இன்னொன்றும் இதில் இருக்கிறது. ரகசியமாக வைத்திருந்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். பக்குவத்தை மருமகளுக்குக்கூடச் சொல்லாத வைத்தியர்கள் நம் ஊரில் இருந்தார்கள். ஆனால் பட்கே தன் ஆலைக்குள்ளேயே பூட்டிவைத்துச் செய்திருந்தால், அது பொதுவுக்கு வந்ததாகவே எடுத்திருக்க மாட்டார்கள். விவசாயிகளின் வயலில், அவர்கள் கண் முன்னால், மறைக்கச் சொல்லாமல் தெளித்ததுதான் வழக்கை ஜெயிக்க வைத்தது. யார் முதலில் செய்தார் என்பது மட்டும் கேள்வி இல்லை. செய்ததை முதலில் நாலு பேருக்குத் திறந்து காட்டியது யார் என்பதுதான் அங்கே கேள்வி.

அமெரிக்காவில் கதை வேறு. இதையும் சொல்லாவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். அங்கே 2013 மார்ச் வரை முதலில் விண்ணப்பித்தவருக்கு அல்ல, முதலில் கண்டுபிடித்தவருக்கே காப்புரிமை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு விதி இருந்தது. வெளிநாட்டில் ஒரு பொருள் பழக்கத்தில் இருந்தது என்பது கணக்கில் வராது. அச்சில் வந்திருந்தால் மட்டுமே கணக்கு. நம்ம ஊரில் ஆயிரம் வருசம் ஒரு பொருளைப் பூசியிருந்தாலும் அது அமெரிக்கக் காப்புரிமையைத் தொடாது. ஒரு பழைய பத்திரிகையில் நாலு வரி வந்திருந்தால் தொடும். மஞ்சள் வழக்கு அப்படித்தான் ஜெயித்தது. காயத்தை ஆற்ற மஞ்சள் பூசுவதற்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995இல் காப்புரிமை வாங்கியது. நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் 1996இல் எதிர்த்தது. 32 எழுத்து ஆதாரங்களைத் தேடி எடுத்தார்கள். பழைய வடமொழி, உருது, இந்தி நூல்களும், 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையும் அதில் அடக்கம். 1997 ஆகஸ்டில் அந்தக் கோரிக்கைகள் எல்லாம் தள்ளுபடி ஆயின. எந்தப் பாட்டியும் அங்கே போய்ச் சாட்சி சொல்லவில்லை. சொன்னாலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்த விதி நம்மைப் போன்றவர்களை மட்டம் தட்டுவதற்காகவே செய்தது என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்புறம்தான் இன்னொரு வழக்கு கண்ணில் பட்டது. நெல் மூட்டை கட்டுகிறோமே, வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்கு, அதன் மூலப்பொருள் சம்பந்தப்பட்டது. பாலிபுரொப்பிலீன் என்று பெயர். சணல் சாக்கு இருக்க இதை ஏன் வாங்குகிறீர்கள் என்று என்னைத் திட்டாதீர்கள், விசயத்துக்கு வருகிறேன்.

1951 ஜூனில் அமெரிக்காவின் ஓக்லகோமா மாநிலத்தில் பார்ட்டில்ஸ்வில் என்ற ஊரில், பிலிப்ஸ் என்ற எண்ணெய்க் கம்பெனியில் ஹோகன், பேங்க்ஸ் என்று இரண்டு வேதியியல்காரர்கள் வேலை பார்த்தார்கள். ஒரு வாயுவிலிருந்து பெட்ரோல் சேர்மானம் ஒன்றைச் செய்யப் பார்த்தார்கள். வந்ததோ வெள்ளையாக ஒரு கெட்டிப்பொருள். 1953 ஜனவரியில் விண்ணப்பம் போட்டார்கள். அதே பொருளை இத்தாலியில் மிலான் நகரில் நாட்டா என்ற பேராசிரியர் 1954 மார்ச் 11ஆம் தேதி வேறு வழியில் செய்தார். அன்றைய நாட்குறிப்பில் பாலிபுரொப்பிலீன் செய்தாயிற்று என்று எழுதிவைத்தார். அவருக்கு 1963இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அமெரிக்க வழக்கில் அந்த நாட்குறிப்பு செல்லுபடி ஆகவில்லை. வெளிநாட்டில் செய்த வேலையைக் காட்டித் தேதி கேட்க முடியாது என்பதால், அவர் இத்தாலியில் விண்ணப்பம் போட்ட 1954 ஜூன்தான் அவருக்குக் கிடைத்த தேதி.

1958இல் ஐந்து பெரிய கம்பெனிகளுக்கு நடுவில் 'யார் முதலில்' என்ற விசாரணை தொடங்கியது. முதலில் நாட்டா பக்கம் தீர்ந்தது. 1980இல் டெலவேர் மாநிலத்தில் இருந்த நீதிமன்றம் அதை மாற்றி பிலிப்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கடைசியில் ஹோகன், பேங்க்ஸ் பெயரில் காப்புரிமை வந்தபோது வருசம் 1983. செய்து 32 வருசம் ஆகியிருந்தது. கையில் வெள்ளைப் பொருள் இருந்தால் மட்டும் போதாது, அது இன்னது என்று அன்றைக்கே தெரிந்து எழுதியிருந்தார்களா என்பதைத்தான் வரிக்கு வரி சண்டை போட்டார்கள். ஆய்வக நோட்டுகளும், அதில் போட்ட தேதியும், பக்கத்தில் நின்றவர்களின் சாட்சியமும்தான் ஆயுதம். கண்டுபிடித்தவர் தன் வாயால் "நான்தான் முதலில்" என்று சொல்வது மட்டும் அங்கே ஏற்கப்படாது. வேறொருவரோ வேறொரு ஆவணமோ அதற்குத் துணை நிற்க வேண்டும். அதனால்தான் கம்பெனி ஆய்வகங்களில் தைத்த நோட்டில் மையால் எழுதி, சம்பந்தப்படாத ஒருவரிடம் கொடுத்து 'படித்தேன், புரிந்துகொண்டேன்' என்று தேதியோடு கையெழுத்து வாங்குகிற வழக்கம் வந்தது.

நோபல் பரிசு வாங்கியவருக்கே இந்தக் கதி என்று தெரிந்த பிறகு என் கோபம் கொஞ்சம் இறங்கியது. முழுசாக இறங்கவில்லை. அவர்களுக்கு நோட்டும் வழக்கறிஞரும் முப்பது வருசம் செலவழிக்கக் காசும் இருந்தன.

நம் நாட்டுச் சட்டம் இந்த விசயத்தில் பரவாயில்லை, உண்மையிலேயே நமக்குச் சாதகமானது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 3ஆம் பிரிவின் ஒரு உட்பிரிவு, மரபு அறிவையும் மரபு அறிவில் தெரிந்த குணங்களை ஒன்றாகச் சேர்ப்பதையும் கண்டுபிடிப்பாகவே ஏற்பதில்லை. 25ஆம் பிரிவின்படி காப்புரிமை கொடுப்பதற்கு முன்னாலேயே யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். கொடுத்த பிறகும், கொடுத்த செய்தி வெளியான ஒரு வருசத்துக்குள் சம்பந்தப்பட்டவர்கள் எதிர்க்கலாம். எதிர்க்கிற காரணங்களில் ஒன்று, உள்ளூர்ச் சமூகத்திடம் வாய்மொழியாகவோ வேறு வகையிலோ இருக்கிற அறிவு. வாய்மொழி என்ற வார்த்தை சட்டத்திலேயே இருக்கிறது. சாதாரணமாக விண்ணப்பம் போட்டு 18 மாதம் ஆனபின்தான் அது வெளியாகும். அதுவரை அதற்குள் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. புட்டியில் 'விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று இருந்தால் காப்புரிமை கிடைத்துவிட்டது என்று பொருள் இல்லை. அதைப் பார்த்துப் பயந்து ஊறலை நிறுத்த வேண்டியதும் இல்லை.

வாய்மொழி அறிவு செல்லும் என்றால் பிறகு நோட்டு எதற்கு என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் வழக்கறிஞரிடம் கேட்டேன். "செல்லும்ங்கறது வேற, நம்ப வைக்கறது வேற" என்றார். கம்பெனிக்காரன் வெறும் நொச்சி ஊறலுக்கு உரிமை கேட்க மாட்டான். இத்தனை சதவீதம் எருக்கு, இத்தனை நாள் நொதிப்பு, இன்ன பூச்சிக்கு என்று ஒரு சின்ன வட்டம் போட்டுக் கேட்பான். அந்த வட்டத்துக்குள் நாம் முன்பே நின்றோம் என்று காட்ட அளவு வேண்டும். சித்த, ஆயுர்வேத நூல்களில் உள்ளதை மைய அரசு மரபு அறிவு மின்நூலகமாகத் தொகுத்து வெளிநாட்டுக் காப்புரிமை அலுவலகங்கள் பார்க்கும்படி வைத்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் அது பெரும்பாலும் மருத்துவச் சுவடியும் நூலும். போன வருசம் எருக்கு கிடைக்காமல் நொச்சியைக் கூட்டிப் போட்டோமே, அது எந்தச் சுவடியில் இருக்கும்?

அதனால் எங்கள் குழுவில் இப்போது ஒரு பழக்கம் தொடங்கியிருக்கிறோம். நீள நோட்டு, பக்க எண் போட்டது, கிழிக்கக்கூடாது. ஊறல் போடுகிற அன்றைக்கே எழுதுவது: என்ன இலை, எத்தனை கிலோ, கோமியம் எத்தனை லிட்டர், எத்தனை நாள் ஊறியது, எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, டேங்குக்கு எவ்வளவு ஊற்றினோம். மாற்றிச் செய்தால் அந்த மாற்றத்தையும், கெட்டுப்போனால் கெட்டதையும் எழுதுகிறோம். வாங்கிக்கொண்டு போனவர்கள் பெயரும் கையெழுத்தும். வீட்டு ஆள் இல்லாத இரண்டு பேர் அடியில் கையெழுத்து. ஒருத்தர் எங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியர். வெல்லம் வாங்கின ரசீதை அதே பக்கத்தில் ஒட்டிவிடுகிறோம். வருசத்துக்கு ஒரு முறை அதைச் சுருக்கி இந்த இதழுக்கோ வேறு அச்சு இதழுக்கோ அனுப்பலாம் என்று முடிவு. அச்சில் தேதியோடு வந்துவிட்டால், வேறு எங்கே எந்த நாட்டில் வழக்கு வந்தாலும் எடுத்துக் காட்டலாம். இப்படி வெளியிட்டுவிட்டால் நாம் அதற்குக் காப்புரிமை வாங்குவது கடினம் என்பதும் உண்மைதான். நமக்கு எதற்கு அது? வேலி போடாதே என்று சொல்லத்தானே இவ்வளவும்.

பழைய வருசங்களுக்கு என்ன செய்வது என்பதுதான் சிக்கலாக இருந்தது. எங்களில் யாரும் எழுதி வைக்கவில்லை. பயிற்சிப் படங்கள் இருந்த செல்போன் தண்ணீரில் விழுந்து போச்சு. அப்போது மகளிர் குழுவில் கணக்குப் பார்க்கிற அக்கா ஒருவர், "ஊறலுக்குக் கொடுத்த வெல்லக் காசு எங்க நோட்டுல இருக்குமே தம்பி" என்றார். போய்ப் பார்த்தோம். ஏழு வருசத்துக்கு முந்தின நோட்டு. கூட்டம் நடந்த தேதி, வந்தவர்கள் கையெழுத்து, வங்கி ஊழியர் பார்த்துப் போட்ட முத்திரை எல்லாம் வரிசையாக. நடுவில், வெல்லம் 10 கிலோ, பிளாஸ்டிக் டிரம் ஒன்று, 'இலை ஊறல் 2 லி.' என்று போட்டு, எதிரில் வாங்கினவர்கள் பதினாலு பேர் பெயரும் பாக்கியும். இலைகளின் பெயர் ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருக்கிறது, எருக்கு பறிக்கக் கூலி என்று. நொதிப்பு நாள் எங்கேயும் இல்லை.

வழக்கறிஞருக்கு நகல் அனுப்பியிருக்கிறோம். "இது நல்ல சாட்சி. இவங்க உங்களுக்காக எழுதலை, கடனுக்காக எழுதியிருக்காங்க" என்றார். அளவு பற்றி அந்தப் பதினாலு பேரில் எத்தனை பேர் பிரமாணப் பத்திரம் கொடுப்பார்கள் என்று இப்போது வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒன்பது பேர் சரி என்றிருக்கிறார்கள். இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. கம்பெனியின் விண்ணப்பம் இன்னும் வெளியாகவில்லை. வாரா வாரம் காப்புரிமை இதழைப் பார்த்துச் சொல்ல என் மகளை உட்கார வைத்திருக்கிறேன். அக்காவிடம் அசல் நோட்டைக் கேட்டேன், கொடுக்கமாட்டேன் என்றுவிட்டார். அதில் இன்னும் மூன்று பேர் பாக்கி வைத்திருக்கிறார்களாம், நானும் அதில் ஒருத்தன்.